இரும்பு மாத்திரை: எப்போது, எதோடு, எத்தனை நாள்?

டெல்லி கரோல் பாக்கிலிருந்து ராஜேந்திரா பிளேஸ் நோக்கி, தலைக்கு மேல் மெட்ரோ ரயில் ஓட, கீழே நீள்கிற சாலைக்குப் பெயர் புசா ரோடு. அதை ஒட்டினாற்போல் பழைய ராஜிந்தர் நகர். ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்க நாடெங்கிலுமிருந்து பிள்ளைகள் வந்து தங்கும் இடம். தமிழ்நாட்டுப் பெண்களும் அவர்களில் உண்டு. சிறிய வாடகை அறை, மெஸ் சாப்பாடு, தூக்கத்தை விரட்ட அடிக்கடி டீ. சில மாதங்களில் சிலருக்குப் படியேறினால் மூச்சு வாங்கும், படித்தது மனதில் நிற்காது, முடி கொத்தாகக் கொட்டும். டாக்டர் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார். ஹீமோகுளோபின் 8 என்று வரும். ‘கூன் கீ கமீ’ என்பார் அங்கே. நம் ஊரில் ‘ரத்தம் கம்மி’. சீட்டில் ஓர் இரும்பு மாத்திரையின் பெயர், எதிரே ‘தினம் ஒன்று, 30 நாள்’. அதற்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிடுவார்.

எழுதிக் கொடுத்த மாத்திரை சரியானதுதான். இரும்புக் குறைவால் வரும் ரத்தசோகைக்கு வாய்வழி இரும்பைவிட மலிவான, நம்பகமான மருந்து இல்லை. ஆனால் அந்தச் சீட்டில் இன்னும் நான்கைந்து வரிகள் இருந்திருக்க வேண்டும். எப்போது விழுங்குவது, எதோடு விழுங்கக் கூடாது, எத்தனை மாதம் தொடர்வது, எப்போது திரும்ப வந்து பார்ப்பது, இரும்பு ஏன் குறைந்தது. இவை சொல்லப்படாததால் வேலை செய்யாமல் போகும் மாத்திரைகள் இந்த நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கின்றன என்பதே என் எண்ணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அந்தப் பெண்ணின் எடை 50 கிலோ. கிலோவுக்கு 65 மில்லி வீதம் உடலில் ஏறக்குறைய 3.25 லிட்டர் ரத்தம் இருக்கும். ஹீமோகுளோபின் அளவு 8 என்றால் ஒவ்வொரு 100 மில்லி ரத்தத்திலும் 8 கிராம் இருக்கிறது என்று பொருள். பெண்களுக்கு இருக்க வேண்டியது குறைந்தது 12. ஆக 100 மில்லிக்கு 4 கிராம் குறை. மொத்த ரத்தத்துக்கும் சேர்த்து 130 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மி.கி. இரும்பு உண்டு. ஆக, ரத்தத்தின் குறையை மட்டும் நிரப்ப 440 மி.கி. இரும்பு உடலுக்குள் போய்ச் சேர வேண்டும்.

இதைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் அடுத்த எண்ணைப் பார்க்க வேண்டும். நல்ல சாப்பாட்டிலிருந்து நம் குடல் ஒரு நாளில் உறிஞ்சுவது ஒன்று அல்லது இரண்டு மி.கி. இரும்புதான். குறை கூடும்போது குடல் இன்னும் கொஞ்சம் முயலும், ஆனாலும் சில மில்லிகிராமுக்கு மேல் போகாது. அதில் பெரும்பகுதி அன்றாட இழப்பை ஈடுகட்டவே சரியாகிவிடும். சராசரி மாதவிலக்கு ஒன்றில் மட்டும் 15 முதல் 20 மி.கி. வரை வெளியேறுகிறது. பீட்ரூட், மாதுளை என்று வீட்டில் சொல்வார்கள்; இரண்டும் சிவப்பு என்பதைத் தவிர ரத்தத்தோடு அவற்றுக்கு உறவு குறைவு. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மி.கி. இரும்புகூட இல்லை. மாதுளையில் அதிலும் குறைவு. கீரையும் பயறும் கேழ்வரகும் இறைச்சியும் ஈரலும் ரத்தசோகை வராமல் காக்கும். வந்த பிறகு, 440 மி.கி. கடனை அவற்றைக் கொண்டு அடைப்பது மிக நீண்ட கால வேலை.

மாத்திரையின் கணக்கு வேறு. 60 மி.கி. இரும்புள்ள ஒரு மாத்திரையிலிருந்து, குறைபாடுள்ள உடல் ஏறத்தாழ 10 மி.கி. எடுத்துக்கொள்ளும். 440ஐ 10ஆல் வகுத்தால் 44 நாள். ‘30 நாள்’ என்று எழுதிய சீட்டு ரத்தத்தின் குறையைக்கூட முழுதாக அடைக்காது என்பது இந்த எளிய வகுத்தலிலேயே தெரிந்துவிடுகிறது. அதுவும் ஒரு நாள்கூடத் தவறாமல், சரியாக விழுங்கினால்தான் இந்தக் கணக்கு.

சரியாக விழுங்குவது என்றால் என்ன? அதைப் புரிந்துகொள்ள, நம் உடல் இரும்பை எவ்வளவு எச்சரிக்கையாக நடத்துகிறது என்பதை அறிய வேண்டும். வளர்ந்த மனித உடலில் மூன்று, நான்கு கிராம் இரும்பு இருக்கும். பெண்களிடம் இதைவிடக் கொஞ்சம் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில். ஒரு சிவப்பணு 120 நாள் வாழ்ந்து மடியும்போது அதன் இரும்பை உடல் வீசி எறிவதில்லை, எடுத்துப் புதிய அணுவில் வைக்கிறது. இப்படி நாளொன்றுக்கு 20 முதல் 25 மி.கி. வரை உள்ளுக்குள்ளேயே சுழல்கிறது. இன்னொரு பக்கம், அதிகப்படியான இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியே கிடையாது. இதை 1937இல் இங்கிலாந்தில் மெக்கான்ஸும் எல்சி விடோசனும் சோதித்துக் காட்டினார்கள். வெளியே தள்ள முடியாத பொருளை உள்ளே விடுவதில்தான் கட்டுப்பாடு வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை நடத்துவது எது என்பது 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் தெரியவந்தது.

அதன் பெயர் ஹெப்சிடின். கல்லீரல் சுரக்கும் மிகச் சிறிய புரதம், வெறும் 25 அமினோ அமிலங்கள். குடலின் செல் உறிஞ்சிய இரும்பு ரத்தத்துக்குள் போக ஃபெரோபோர்ட்டின் என்ற ஒரே ஒரு வழிதான் உண்டு. ஹெப்சிடின் அதனோடு ஒட்டிக்கொண்டு அதைச் சிதைத்துவிடுகிறது. வழி அடைந்துபோனால் இரும்பு குடல் செல்லுக்குள்ளேயே தங்கும். இரண்டொரு நாளில் அந்தச் செல் உதிர்ந்து மலத்தோடு போய்விடும். ரத்தத்தில் இரும்பு ஏறும்போதெல்லாம் ஹெப்சிடினும் ஏறுகிறது. உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தாலும் ஏறுகிறது. காசநோயும் மூட்டுவாதமும் உள்ளவர்களுக்கு எத்தனை இரும்பு மாத்திரை கொடுத்தாலும் சரியாக ஏறாமல் போவதற்கு இது முக்கியக் காரணம்.

மருந்துச்சீட்டுக்கு இதனால் வந்த பாடம் பெரியது. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரிலுள்ள ஆய்வாளர்கள், இரும்பு குறைந்த இளம்பெண்களுக்கு மாத்திரை கொடுத்து, அது எவ்வளவு ரத்தத்தில் சேர்கிறது என்று அளந்தார்கள். 60 மி.கி. அல்லது அதற்கு மேல் ஒரு வேளை கொடுத்தால் ஹெப்சிடின் ஏறி, ஏறத்தாழ ஒரு நாள் வரை இறங்காமல் நிற்கிறது. மறுநாள் காலை விழுங்கும் மாத்திரையிலிருந்து உறிஞ்சப்படும் விகிதம் 35 முதல் 45 சதவீதம் வரை குறைகிறது. மருந்தை 40லிருந்து 240 மி.கி. என்று ஆறு மடங்கு ஆக்கினாலும் உள்ளே போன இரும்பு மூன்று மடங்குகூட ஆகவில்லை. மீதி குடலில் கிடந்து வயிற்றைப் புரட்டியதுதான் மிச்சம். 2017இல் அதே குழுவினர் இன்னொன்றைச் செய்தார்கள். ஒரு சாராருக்குத் தொடர்ந்து 14 நாள் தினமும் 60 மி.கி.; மற்றவர்களுக்கு அதே 14 மாத்திரைகளை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக 28 நாள். தினமும் விழுங்கியவர்கள் உடலில் மொத்தம் 131 மி.கி. சேர்ந்தது. ஒன்றுவிட்ட நாளில் விழுங்கியவர்களுக்கு 175 மி.கி. அதே மாத்திரை, அதே எண்ணிக்கை.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் நாளையே ஒன்றுவிட்ட நாளுக்கு மாறிவிடக் கூடாது. மேற்சொன்ன சோதனையில் இருந்தவர்கள் இரும்பு குறைந்திருந்தவர்களே ஒழிய, கடுமையான ரத்தசோகைக்காரர்கள் அல்ல. ரத்தசோகை முற்றும்போது ஹெப்சிடின் தானே அடங்கிப்போகும், குடலின் வழி அகலத் திறந்திருக்கும். சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவர்கள் நம் நாட்டு நோயாளிகளிடம் ஒப்பிட்டு 2020இல் வெளியிட்ட ஆய்வு இதோடு ஒத்துப்போகிறது. தினமும் இரண்டு வேளை 60 மி.கி. எடுத்தவர்களுக்கு ஹீமோகுளோபின் வேகமாக ஏறியது. ஒன்றுவிட்ட நாளில் 120 மி.கி. எடுத்தவர்களுக்கு மெதுவாக ஏறியது, ஆனால் குமட்டல் குறைந்தது. என் கணிப்பில் முடிவு இதுதான்: குறை லேசாக இருந்து அவசரம் இல்லையென்றால், அல்லது தினசரி மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால், ஒன்றுவிட்ட நாள் நல்ல வழி. பிரசவ நாள் நெருங்கும் கர்ப்பிணிக்கும், ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியவருக்கும் தினசரிதான். எல்லோருக்கும் பொருந்தும் ஒன்று உண்டு: ஒரு நாளில் மூன்று வேளை என்று பிரித்துக் கொடுக்கும் பழைய வழக்கத்துக்கு இனி நியாயம் இல்லை.

அடுத்தது காபி. தமிழ் வீடுகளில் இதைச் சொல்வது கஷ்டம் என்று தெரியும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். இரும்பு மாத்திரையைக் காபியோடு விழுங்கியபோது, தண்ணீரோடு விழுங்கியதைவிட உறிஞ்சுதல் 54 சதவீதம் குறைந்தது என்று 2023இல் சூரிக் குழுவினர் கண்டார்கள். காபியும் காலைப் பலகாரமும் சேர்ந்தால், கூட ஆரஞ்சுச் சாறு குடித்தும்கூட, 66 சதவீதம் குறைந்தது. டீயும் லேசுப்பட்டதல்ல. ஒரு பழைய ஆய்வில் உணவோடு குடித்த டீ, உணவிலிருந்த இரும்பின் உறிஞ்சுதலை 64 சதவீதமும் காபி 39 சதவீதமும் குறைத்தன. இவற்றிலுள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு விடுவதில்லை. அதே ஆய்வில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி எந்தக் கெடுதலும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது கூடவே குடித்த அளவுக்குக் கெடுத்தது. ராஜிந்தர் நகர் அறைகளில் மாத்திரையை டீயோடு விழுங்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வரியை யாராவது எழுதிக் கொடுத்திருக்கலாம்.

காலையில், வெறும் வயிற்றில், தண்ணீரோடு. இது சிறந்த நேரம். பிற்பகலில் ஹெப்சிடின் இயல்பாகவே ஏறியிருக்கும். அதனால் பிற்பகல் மாத்திரை காலை மாத்திரையைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாகவே சேர்கிறது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் கொஞ்சம் கூடும். ஆனால் வைட்டமின் சி மாத்திரையைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கச் சொல்ல வேண்டியதில்லை. ஷாங்காயில் 440 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், அதைச் சேர்த்தவர்களுக்கும் சேர்க்காதவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரே அளவில்தான் ஏறியது.

கூட விழுங்கும் மற்ற மருந்துகள்தான் பெரிய இடைஞ்சல். கர்ப்பிணிகளுக்கு இரும்பும் கால்சியமும் ஒரே நாளில் ஒரே கையில் கொடுக்கப்படுகின்றன. இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ‘கேஸ் மாத்திரை’ என்று நாம் தினமும் விழுங்கும் பான்டோப்ரசோல் வகை வயிற்று அமிலத்தைக் குறைக்கும். அமிலம் குறைந்தால் இரும்பு கரைவதும் குறையும். இரும்பு வயிற்றைப் புரட்டுகிறது என்று அதற்கே கேஸ் மாத்திரை எழுதுவதை நான் சீட்டுகளில் பார்த்திருக்கிறேன். ஒன்றை ஒன்று வெட்டும் இரண்டு மருந்துகள் ஒரே சீட்டில். தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் இரும்பை நான்கு மணி நேரம் தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்தும் சேர்ந்து வீணாகும்.

வயிற்றுப் புரட்டலைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டும். குமட்டல், மலச்சிக்கல், சிலருக்கு வயிற்றுப்போக்கு, பலருக்கும் கறுப்பு மலம். கறுப்பு மலம் உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் மட்டுமே, ஆபத்தில்லை. முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் பயப்பட மாட்டார்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போகும். ‘உடம்புக்குச் சூடு’, ‘குழந்தை கறுப்பாகப் பிறக்கும்’, ‘குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்’ என்று கர்ப்பிணிகள் நிறுத்துவதும் இப்படித்தான். அவர்கள் அறியாமையைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. எதிர்பார்க்க வேண்டிய தொந்தரவைச் சொல்லாமல் மருந்து கொடுத்தவர் பொறுப்பு அது. வெறும் வயிற்றில் தாங்கவில்லையா, சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கலாம். கொஞ்சம் குறைவாகச் சேரும், நிறுத்துவதைவிட மேல்.

அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்கத் தெரிய வேண்டும். உலர்ந்த ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. என்றால் அதிலுள்ள இரும்பு 65 மி.கி.தான். ஃபெரஸ் ஃபியூமரேட் 200 மி.கி.யிலும் ஏறத்தாழ அவ்வளவே. ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி.யில் 35தான். விலை பல மடங்கு கூடிய புதிய உப்புகள் கடைகளில் அடுக்கி இருக்கின்றன. ஒத்துக்கொண்டால் சாப்பிடலாம், ஆனால் பழைய சல்பேட்டைவிட அவை ரத்தத்தை அதிகம் ஏற்றும் என்று நம்பிச் செலவழிக்க வேண்டாம். குடலுக்குள் மெதுவாகக் கரையும்படி பூச்சுப் போட்ட மாத்திரைகளில் ஒரு சிக்கலும் உண்டு: இரும்பு உறிஞ்சப்படுவது சிறுகுடலின் தொடக்கத்தில். அதைத் தாண்டிப் போய்க் கரைந்தால் யாருக்கும் பயனில்லை.

சரி, ஒழுங்காகச் சாப்பிட்டும் ஏறவில்லை. மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஒன்று, இரண்டு கிராமாவது கூடியிருக்க வேண்டும். கூடவில்லையென்றால் கம்பெனியை மாற்றி எழுதுவது தீர்வல்ல, காரணத்தைத் தேட வேண்டும். இந்த இடத்தில் புசா ரோடு ஒரு நல்ல பாடம். ராஜிந்தர் நகர் பிரிவினைக்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளுக்காக உருவான குடியிருப்பு. இவர்களைப் போன்ற பஞ்சாபி, சிந்திக் குடும்பங்களில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்கள் மற்றவர்களைவிட அதிகம். அவர்கள் ரத்த அணுவும் சிறுத்து, வெளிறித்தான் இருக்கும். அறிக்கையைப் பார்த்தால் இரும்புக் குறைவு போலவே தெரியும். ஆனால் இரும்பு குறைந்திருக்க வேண்டியதில்லை. வருடக்கணக்காக இரும்பு மாத்திரை விழுங்கியும் ஹீமோகுளோபின் 10லேயே நிற்கும் ஒருவருக்குத் தேவை ஹீமோகுளோபின் வகை பார்க்கும் ஒரு பரிசோதனை. திருமணத்துக்கு முன் அது தெரிந்துவிட்டால் ஒரு குழந்தையின் வாழ்நாள் துன்பத்தைத் தவிர்க்கவும் முடியும்.

வடக்குக்கே உரிய இன்னொரு காரணம் கோதுமை. கோதுமையிலுள்ள குளூட்டன் சிலரின் சிறுகுடலைப் புண்ணாக்கும் சீலியாக் நோயில், இரும்பு உறிஞ்சப்படும் இடமே பாழாகிவிடும். 2016இல் வெளியான ஆய்வின்படி வட இந்தியாவில் இது 100 பேரில் 1.23, தென்னிந்தியாவில் 0.10தான். டெல்லியில் மாத்திரை பலிக்காத ரத்தசோகைக்கு இதைத் தேடாமல் விடக் கூடாது. ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால் வயிற்றிலோ குடலிலோ எங்கோ ரத்தம் கசிகிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். புண்ணாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். இரும்பு கொடுத்து ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டு நிம்மதியானால் புற்றுநோய் வளர நாமே அவகாசம் கொடுத்ததாகும். இளம்பெண்ணுக்கு அதிக உதிரப்போக்கு இருக்கிறதா என்று கேட்காமல் சீட்டு எழுதுவதும் இதே வகைத் தவறுதான். சைவ உணவுக்காரர்களுக்கு பி12 குறைவும் சேர்ந்தே இருக்கலாம்.

இவ்வளவும் தனி ஒருவரின் சீட்டைப் பற்றி. அரசாங்கம் நாட்டுக்கே எழுதிய சீட்டு ஒன்று உண்டு. 1970இலிருந்து கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை இலவசமாகத் தரப்படுகிறது. அதிலுள்ள ஃபோலிக் அமிலத்துக்கு ஓர் இந்தியக் கதை இருக்கிறது. 1928இல் பம்பாய் வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஏழைக் கர்ப்பிணிகளின் ஒருவகை ரத்தசோகை மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றால் குணமாவதைக் கண்டு 1931இல் எழுதினார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பிறகு தெரிந்தது. 2018இல் தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டத்தின்படி கர்ப்பிணிக்கு 60 மி.கி. இரும்புள்ள சிவப்பு மாத்திரை 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாள். வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை, சின்ன வகுப்புக் குழந்தைகளுக்கு 45 மி.கி. கொண்ட இளஞ்சிவப்பு மாத்திரை. புசா ரோட்டில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று இருக்கிறது. அங்கே படிக்கும் வயதுப் பிள்ளைகள்தான் இந்த நீல மாத்திரையின் இலக்கு.

2013 ஜூலையில் டெல்லிப் பள்ளிகளில் வாராந்திர மாத்திரை தொடங்கியபோது, வயிற்று வலி, வாந்தி என்று பல பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டு ஓடினார்கள். அதே மாதம்தான் பீகாரில் மதிய உணவில் விஷம் கலந்து 23 குழந்தைகள் இறந்திருந்தார்கள். பெற்றோர் நடுங்கியதில் வியப்பில்லை. மாத்திரை விஷமல்ல, வெறும் வயிற்றில் இரும்பு செய்யும் புரட்டலை முன்கூட்டி யாரும் விளக்கவில்லை. பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இதுவே.

ஐம்பது வருடத்துக்குப் பிறகு நிலைமை என்ன? 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டில் 53.4, டெல்லியில் 49.9. கர்ப்பத்தில் 180 நாள் மாத்திரை சாப்பிட்டவர்கள் நாடு முழுவதும் 26 சதவீதம்தான். விரல் நுனியில் குத்தி எடுக்கும் துளியில் அளந்த அந்தக் கணக்கு மிகையாக இருக்கலாம் என்ற விவாதமும் நடக்கிறது. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து அளந்த 2016–18 கணக்கெடுப்பில் வளரிளம் பருவத்தினரிடம் 28 சதவீதமே வந்தது. எண் எதுவாக இருந்தாலும், நான்கில் மூன்று கர்ப்பிணிகள் முழு மருந்தும் சாப்பிடவில்லை என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. மாத்திரையைக் கையில் கொடுப்பதில் நாம் தேறிவிட்டோம். அதை வயிற்றுக்குள் சேர்ப்பதில் தோற்றிருக்கிறோம்.

வராமல் காக்கும் வேலையும் புசா ரோட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கிறது. பீகாரின் புசாவில் 1905இல் தொடங்கி, 1934 நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்ததால் 1936இல் டெல்லிக்கு வந்த இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இரும்பு கூடிய கம்பு ரகங்களை உருவாக்கும் நிறுவனங்களில் ஒன்று. 2018 முதல், புதிய கம்பு ரகம் எதுவானாலும் கிலோவுக்கு 42 மி.கி. இரும்பாவது இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். விளைச்சலை மட்டும் பார்த்த காலம் போய், தானியத்துக்குள் இருக்கும் சத்தையும் அளவுகோலாக வைத்தது நல்ல முடிவு. கம்மங்கூழை விட்டுவிட்ட நமக்கும் அதில் செய்தி இருக்கிறது.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இதை மறக்கவே கூடாது: சர்க்கரைப் பூச்சுப் போட்ட சிவப்பு மாத்திரை குழந்தைக்கு மிட்டாய். ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அம்மாவின் இரும்பு மாத்திரை குழந்தைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி இருக்கட்டும். விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு வருகிறேன். ஹீமோகுளோபின் என்பது அன்றைய சமையலுக்கு எடுத்த அரிசி என்றால், ஃபெரிட்டின் என்ற வடிவில் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கும் இரும்பு குதிரில் கிடக்கும் நெல். ரத்தசோகை வருவதற்கு வெகு முன்பே குதிர் காலியாகிவிட்டிருக்கும். மாத்திரை சாப்பிடும்போது முதலில் ரத்தம் நிறையும். அதன் பிறகுதான் சேமிப்பு. அதற்கு இன்னும் 500 மி.கி. வேண்டும். நாளுக்கு 10 மி.கி. என்றால் மேலும் 50 நாள். இடையில் வரும் மாதவிலக்குகளையும் தவறவிட்ட நாட்களையும் சேர்த்தால் மூன்று மாதம். ஹீமோகுளோபின் 12ஐத் தொட்ட மகிழ்ச்சியில் நிறுத்தியவர்கள்தான் அடுத்த வருடம் அதே களைப்போடு அதே டாக்டரிடம் திரும்ப வருகிறார்கள். ஃபெரிட்டின் 15க்குக் கீழே இருந்தால் சேமிப்பு இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் அந்த எண் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

ஆகவே, இன்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் தங்கைகளுக்கும் அவர்களின் அம்மாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். எண் சரியாகிவிட்டது என்று அறிக்கை வந்த நாளில் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். அந்த நாளிலிருந்து இன்னும் மூன்று மாதம் சாப்பிடுங்கள், பிறகு ஃபெரிட்டின் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.